ஐம்பத்தொரு பாத்திரம்

சண்முகசுந்தரியின் மனதில் ஒரு எண் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தொன்று.

நாத்தனார் சின்னத்தாய் தன் மகள் தேவசேனாவைக் கட்டிக்கொடுத்தபோது வத்தலக்குண்டு மண்டபத்தில் வரிசை வைத்த பாத்திரங்களின் எண்ணிக்கை அது. பெரிய அண்டாவில் ஆரம்பித்து, அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போய், உள்ளங்கையளவு நெய்க்கிண்ணத்தில் வந்து முடிந்தது அந்த வரிசை. சுந்தரியின் மலையூரான கவுஞ்சியிலிருந்து போயிருந்த பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார்கள். எண்ணி முடியும்வரை பொறுத்திருந்த சின்னத்தாய், அத்தனை பேர் நடுவிலும் தம்பி பெண்டாட்டியைத்தான் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்க சுந்தரி. ஒத்தப் பொண்ணு வச்சிருக்கவ நீ. எங்களவிடக் கூட ஒண்ணாவது வைக்கணும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளோடு பஸ் ஏறி, மலை ஏறி, கவுஞ்சி வீடுவரைக்கும் வந்து, அப்புறம் போகவே இல்லை.

இப்போது இந்துவுக்குத் தை மாதம் கல்யாணம். இந்து கொடைக்கானலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருடமாக ஹாஸ்டல் வாசம். மாப்பிள்ளை அகிலன் அதே ஊரில் லாட்ஜுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். "பொண்ண அனுப்புங்க போதும், வேற எதுவும் வேணாம்" என்று அவனுடைய அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அவுக கேக்காட்டி என்ன? ஊரு கேக்கும்ல?" என்றாள் சுந்தரி, புருஷன் சுப்புராஜிடம்.

சுப்புராஜ் விதைப் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஊரு என்னத்தக் கேக்கும்? பூண்டு என்ன வெலைக்குப் போச்சுன்னு கேக்கும்."

"ஒங்க அக்கா கேப்பாக."

அதற்கு மேல் அவர் தலையை நிமிர்த்தவில்லை. அக்காவைப் பற்றி அவருக்கும் தெரியும்.

இரண்டு வெள்ளாமைப் பூண்டுக் காசை வேறெதற்கும் தொடாமல் வைத்திருந்தாள் சுந்தரி. கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், அதை மடியில் செருகிக்கொண்டு வெள்ளனே முதல் பஸ் ஏறினாள். கொடைக்கானலில் மகளைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். அங்கேயே குடியிருக்கும் சின்னத்தாய் பாத்திரக் கடைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இந்து குடையோடு நின்றிருந்தாள். நைட் டூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தாள். வெள்ளை யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

"அம்மா, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வா, நாங்க குடிபோகப்போற வீட்டப் பாத்துட்டு வந்திரலாம்."

"அதான் ஒங்கப்பா பாத்துட்டு வந்தாரே."

"அப்பா மேல ரோட்டுல நின்னு கூரையப் பாத்துட்டுப் போனாரு. கீழ எறங்கவே இல்ல. முழங்கால் வலிக்குதுன்னுட்டாரு."

கீழே இறங்கியபோதுதான் சுந்தரிக்குப் புருஷனின் முழங்கால் வலி புரிந்தது. ரோடு மேலே, வீடு அடியில். அறுபத்திரண்டு படி. நடுவில் ஒரு பாறைக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் இடையில் படி மடங்கித் திரும்பியது. அந்த முடக்கில் எதிரே ஒரு ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். பாசி வழுக்கியது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிடித்த இடத்தில் யூனிஃபார்மின் கை ஈரமாக இருந்தது.

"ஏன்டி, குடை வச்சிருந்தும் நனஞ்சியா?"

"நனையலம்மா. காயல. மூணு நாளா ஹாஸ்டல்ல தொங்குச்சு. அயர்ன் பாக்ஸ வச்சுத் தேய்ச்சுத்தான் போட்டேன். மறுபடியும் குளுந்துருச்சு."

"நேத்தும் இப்பிடித்தானா?"

"மழைக்காலம் பூராம் இப்பிடித்தான்."

"மூணு வருசமாவா? ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா கவுஞ்சியில இருந்து வெயில அனுப்பியா வைப்ப?"

கவுஞ்சியிலும் வெயில் கிடையாது.

வீட்டுக்காரம்மா விஜயராணி வாசலில் நின்று வரவேற்றாள். "வாங்க வாங்க. பொண்ணோட அம்மாவா? அந்தா அந்தப் படி ஆடும், பாத்து வாங்க."

தகரச் சார்ப்பின் கீழ், கோணிப்பை போர்த்திய ஒரு இரும்பு பீரோ நின்றது. நல்ல பச்சை நிற பீரோ. ஒரு கதவு பாதி திறந்திருந்தது.

"இதென்னங்க, பீரோவ வெளிய போட்டு வச்சிருக்கீங்க?"

"அது எனதில்லைங்க. முந்தி குடியிருந்த புள்ளைக்கு அவங்க தாய்வீட்டுல குடுத்தது. நாலு ஆளு சுமந்துட்டு வந்தாங்க. அந்த முடக்குல மாட்டி, அரை நாள் போராட்டம். வாசலுக்கு வந்தா உள்ள நொழையல. நெலைக்கதவக் கழட்டிப் பாத்தாங்க. அப்பவும் நொழையல. திருப்பி மேல ஏத்தவான்னா வந்த கூலியப் போல ரெண்டு பங்கு கேட்டானுங்க. வீட்டக் காலி பண்ணையில அந்தப் புள்ள இத எனக்கே குடுத்திட்டுப் போயிருச்சு."

"இப்ப நீங்க பொழங்குறீங்களா?"

"நானெங்க பொழங்குறது? கோழி பொழங்குது."

கதவை இழுத்துக் காட்டினாள். உள்பக்கம் பதித்திருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆட்களைக் கண்டதும் 'உங்களுக்கு இங்கே என்ன வேலை' என்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது.

வீடு ஒரே அறை. அதை ஒட்டி அடுப்படி. அடுப்படியில் ஒரு சிமென்ட் மேடை, அதற்கு மேல் இரண்டு கல் பலகை. மூலையில் ஒரு தண்ணீர் டிரம். இந்து பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். அகிலன் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து எழுதிக் கொடுத்திருந்தான். வாசல் அகலம், முடக்கின் அகலம், பலகையின் நீளம்.

சுந்தரி அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மனதிற்குள் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினைந்துக்கு மேல் ஏறவில்லை.

"அண்டாவ எங்க வைப்ப?"

"அதத்தாம்மா நானும் ஒன்னக் கேக்கலாம்னு இருந்தேன்."

"கவுத்துப் போட்டா..."

"கவுத்துப் போட்டா அதும்மேல ஏறித்தான் நாங்க படுக்கணும்."

வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சுந்தரி சிரிக்கவில்லை. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். எண் மனதில் அப்படியே இருந்தது. வீடு இன்றைக்கு இது, நாளைக்கு வேறு பெரிய வீடு போவார்கள். சபை ஒரு நாள்தான் கூடும். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூச்சு வாங்க அறுபத்திரண்டு படியும் ஏறினாள்.

வத்தலக்குண்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னத்தாய் கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த கலர் சோடாவைப் பாதி குடித்திருந்தாள்.

"வெரசா வரக் கூடாதா? எவ்வளவு நேரம் ஒத்தையில ஒக்காந்திருக்கேன்."

"மலையில இருந்து எறங்கணும்ல மதினி."

கடைக்காரர் செல்வமுருகன் நல்ல பேச்சுக்காரர். சீர்வரிசைக்கு என்றே மேல்மாடியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

"மூணு பேக்கேஜ் இருக்குங்கக்கா. சில்வர், கோல்டு, டைமண்டு. டைமண்டுல ஐம்பத்தொரு பாத்திரம், பீரோ, கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், ஃபுல் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், சீலிங் ஃபேன் ரெண்டு, ஏர் கூலர் ஒண்ணு."

இந்து கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள். "ஏர் கூலரா? அண்ணே, நாங்க எந்த ஊருன்னு கேக்கவே இல்லையே நீங்க."

"எந்த ஊரும்மா?"

"கொடைக்கானலு."

செல்வமுருகன் அசரவில்லை. "இருக்கட்டும்மா. மே மாசத்துக்கு ஆகும்ல?"

"மே மாசம் நீங்க எல்லாரும்தான எங்க ஊருக்கு வர்றீங்க?"

"சரி, கூலர் வேணாம். ஃபேன்?"

"எங்க வீட்டுக்காரரா வரப்போறவரு ஏழு வருசமா அங்க வயரிங் பாக்குறாரு. எத்தனையோ ஹீட்டர் மாட்டிருக்காராம். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஃபேன் மாட்டுனதில்லையாம்."

"இருக்கட்டும்டி" என்றாள் சின்னத்தாய். "காத்துக்கா குடுக்குறோம்? சபையில வைக்கிறதுக்குக் குடுக்குறோம்."

கூலரும் ஃபேனும் ஒரு வழியாகக் கழிந்தன. பீரோவைச் சுந்தரியே வேண்டாம் என்றாள். கோழியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் பாத்திரம் என்று வந்தபோது அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "எடுத்து வரிசையா வைங்க, பாப்போம்" என்றாள்.

வைத்தார்கள். அண்டா, தவலை, குடம், கொப்பரை, இட்லிப் பானை, அடுக்குச் சட்டி, தூக்கு, தாம்பாளம் என்று தரை முழுக்கப் பரந்தது. குழல்விளக்கு வெளிச்சம் ஒவ்வொன்றிலும் விழுந்து தெறித்தது. சுந்தரிக்குக் கண் நிறைந்துபோனது. பொய் சொல்வானேன், இரண்டு வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

"மதினி, நீங்க வச்சத விட ஒண்ணு கூட வைக்கச் சொன்னீகள்ல. வச்சிருவோமா?"

"ஒண்ணு கூட்டுனா ரெட்டைப்படை ஆயிரும். ரெண்டாக் கூட்டு."

"அப்ப ஐம்பத்திமூணாப் போட்டுருவோம்" என்றார் செல்வமுருகன் சந்தோஷமாக. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கை தட்டினார். "கணபதி, வாப்பா. பேர் வெட்டணும்."

கணபதி பேர் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்டாவை மடியில் சாய்த்துக்கொண்டார். இந்த வேலையில் தலை நரைத்தவர். எல்லோரிடமும் சொல்கிறதைச் சுந்தரியிடமும் சொன்னார்.

"நல்லா யோசிச்சுக்கங்கம்மா. பேர் வெட்டிட்டா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. பெறகு வந்து இது வேணாம், அது மாத்தணும்னு நிக்கக் கூடாது. சொல்லுங்க, என்ன பேரு?"

சுந்தரி வாயைத் திறந்தாள். மகளின் பெயர் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் வேறொரு பெயர் குறுக்கே வந்து நின்றது. அவளுடையதே. 'க. சண்முகசுந்தரி' என்று அவளுடைய அப்பா வெட்டிக் கொடுத்த பெயர். அதைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?

இன்று காலையில் வெந்நீர் வைத்த சட்டியில் அந்தப் பெயர் இல்லை. அது சந்தைக்காரனிடம் வாங்கியது. புளிக்குழம்பு வைக்கிற ஏனம், உலை வைக்கிற பானை, புருஷனுக்குக் காட்டுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்கு, எதிலும் இல்லை. எல்லாம் அவளே தேவைப்பட்டபோது தேவைப்பட்ட அளவில் பார்த்து வாங்கியவை. பெயர் வெட்டியவை பரண்மேல் சாக்குக்குள் கிடக்கின்றன. அண்டாவை மூன்று முறை இறக்கியிருப்பாள். இந்துவுக்குக் காது குத்தியபோது, ஒரு திருவிழாவுக்கு, மாமனார் காரியத்துக்கு. இருபத்தேழு வருடத்தில் மூன்று முறை.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் கணபதி.

"கொஞ்சம் பொறுங்க." சுந்தரி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "மதினி, நம்ம தேவசேனா வீட்டுல அந்த ஐம்பத்தொண்ணும் எங்க வச்சிருக்கா?"

சின்னத்தாய் முந்தானையைச் சரிசெய்தாள். "அவளுக்குத் திருப்பூர்ல வீடு சின்னது."

"அதான் கேக்குறேன்."

"எங்க வீட்டுலதான் கெடக்கு. கட்டிலுக்கு அடியில."

"எத்தன கெடக்கு?"

"இருக்கும், ஒரு நாப்பது."

"நாப்பதா!"

இந்து சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"அதுக்கென்ன இப்ப?" சின்னத்தாயின் குரல் ஏறியது. "வரிசையில வச்சது வச்சதுதான? எண்ணுனவங்க எண்ணுனாங்கள்ல?"

"எண்ணுனாங்க மதினி. நானுந்தான் எண்ணுனேன். அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

சொல்லிவிட்டு வரிசைக்கு நடுவில் போய் நின்றாள்.

"இந்து, இங்க வா. காலையில எந்திரிச்சா மொதல்ல என்ன செய்வ?"

"சுடுதண்ணி வைப்பேன்."

"ரெண்டு பேருக்கு எம்புட்டு?"

"அந்தா, அந்தச் சட்டி போதும்."

"எடு. பெறகு?"

"டீ. அதுக்குச் சின்னது ஒண்ணு."

"எடு. சோறு?"

"குக்கர். மூணு லிட்டர் போதும். அஞ்சு லிட்டர்னா அடியில ஒட்டிக்கிட்டுத் தேடணும்."

"அகிலனுக்கு மதியத்துக்கு?"

"தூக்கு வேணாம்மா. லாட்ஜு லாட்ஜா வண்டியில அலையிறாரு, சாஞ்சுரும். கிளிப்பு போட்ட டப்பா."

"இட்லிப் பானை?"

"அங்க மாவு எங்க பொங்குது? தோசைக்கல்லுதான்."

"இட்லிப் பானை இல்லாம ஒரு சீரா!" சின்னத்தாய் தலையில் கை வைத்தாள்.

"ஒங்க ஊர்ல ஊத்துனா மறுநாள் பொங்கும் மதினி. எங்களுக்கு மூணாம் நாளு."

இப்படியே மகளின் ஒரு நாளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை நடத்திக்கொண்டு போனாள் சுந்தரி. கை படுகிறதை எடுத்தாள். படாததை அப்படியே விட்டாள். இந்து ஒன்பதோடு நிறுத்தினாள். "ஆளு வந்தா குழம்பு வைக்க ஒரு பெரிய சட்டி வேணும்டி, நாங்க வர மாட்டமா?" என்று சுந்தரி ஒன்று சேர்த்தாள். தண்ணீர் மோக்க ஒரு செம்பு. பதினொன்று.

"வாஷிங் மெஷினும் வேணாமாக்கா?" செல்வமுருகனின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அதுதான் மொதல்ல வேணும்."

"ஃபுல் ஆட்டோமேட்டிக் எடுத்துக்கங்க. பாக்கவும் கௌரவமா இருக்கும்."

"அது வேணாம்ணே" என்றாள் இந்து. "எங்களுக்குக் குழாய்ல ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. அது பாட்டுக்கு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். டிரம்முல இருந்து மோந்து ஊத்துற மாதிரி காட்டுங்க. பிழியிற பக்கம் நல்லா வேகமாச் சுத்தணும். காலையில பிழிஞ்சா சாயங்கால டூட்டிக்குப் போட்டுட்டுப் போகணும்."

சீட்டைப் பார்த்து அளந்தார்கள். முடக்கிலும் வாசலிலும் விரல்கடை மிச்சம் வைத்து நுழையக்கூடிய மெஷின் இரண்டு இருந்தன. ஒன்று விலை குறைவு. சுந்தரி மகளின் ஈரக் கையை நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டுல எது நல்லது?"

"இதுதாங்க. ஆனா வெல கூட."

"கூட இருந்தா இருந்துட்டுப் போகுது. தெனம் சுத்தப்போறது. இதக் குடுங்க. குளிருக்குப் போத்திக்கக் கனமான ரஜாயி ரெண்டு. மத்த காசு இந்து பேர்ல பேங்குல கெடக்கட்டும்."

கணபதி அண்டாவை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டார். சின்னத்தாய் எழுந்துவிட்டாள்.

"ஒன் இஷ்டம் சுந்தரி. சபையில எவளாச்சும் கேட்டா என்னயக் கை காட்டாத. சொல்லிப்புட்டேன்."

மலை ஏறுகிற பஸ்ஸில்தான் சுந்தரிக்குப் பயம் பிடித்தது. கடையில் இருந்த தைரியம் டம்டம் பாறை தாண்டுவதற்குள் பாதி கரைந்துவிட்டது. "என்னமோ பயமா இருக்குடி" என்றாள். இந்து அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள்.

தை மாதம் கொடைக்கானல் மண்டபத்தில் கல்யாணம். கவுஞ்சியிலிருந்து ஊரே இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்துச் சீர் வைத்திருந்தார்கள். பதினொரு பாத்திரம், மடித்து வைத்த இரண்டு ரஜாய், பூச்சரம் சுற்றிய மெஷின்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல அந்தப் பக்கம் வந்தார்கள். எண்ணத் தொடங்கிய விரல்கள் சூடு பிடிப்பதற்குள் வரிசை முடிந்துவிட்டது. ஒருத்தி ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். பூண்டுக் காட்டில் பக்கத்துப் பாத்திக்காரி.

"மிச்சம் வண்டியில வருதா சுந்தரி?"

இரண்டு வருடமாகச் சுந்தரி எதற்குப் பயந்தாளோ அது இதோ நேரே வந்து நிற்கிறது.

"இல்ல. இம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா? ஒத்தப் பொண்ணுக்கா?"

"இம்புட்டுத்தான். பூராம் அவ எடுத்துப் பொழங்குறது."

வார்த்தை சரியாகவே வந்தது. பக்கத்துப் பாத்திக்காரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அடுத்து நின்ற சின்னத்தாயைப் பார்த்தாள். 'உன் தம்பி வீட்டுச் சீரைப் பார்த்தாயா' என்று கேட்கிற பார்வை.

சின்னத்தாய்க்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. தம்பி வீட்டைத் தான் பேசலாம், இன்னொருத்தி பேசுவதாவது!

"என்னடி பாக்குற? அந்த மெஷினு என்ன வெலன்னு தெரியுமா ஒனக்கு? நான்தான் கூடப் போயி எடுத்தேன். அந்தக் காசுக்குப் பத்து அண்டா வாங்கலாம், பத்து அண்டா!"

பெண்கள் மெஷின் பக்கம் திரும்பினார்கள். இப்போது அவர்கள் கண்ணுக்கு அது பத்து அண்டாவாகத் தெரிந்திருக்க வேண்டும்; ஒருத்தி அதன் மூடியை மரியாதையாகத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ, "மொதப் பந்தி, மொதப் பந்தி" என்று சத்தம் போட, கூட்டம் மொத்தமும் புடவையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தது.

ஜமுக்காளத்தின் அருகில் இரண்டே பேர் நின்றார்கள்.

"முடிஞ்சுதா?" என்றாள் சுந்தரி. அவளுக்கு நம்ப முடியவில்லை. "அவ்வளவுதானா மதினி?"

"வேற என்ன, விடிய விடியவா எண்ணுவாளுக? வா, எடம் போயிரும்."

"பத்து அண்டாவா மதினி? நாலு வருமா அந்தக் காசுக்கு?"

"நாலுன்னா எவ வாய மூடுவா?" சின்னத்தாய் முன்னால் நடந்தாள். "இப்பவும் சொல்றேன், ஒரு இட்லிப் பானையாச்சும் வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்" என்றாள் சுந்தரி. சண்டைக்கு நிற்க மனமில்லை.

பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை கிடைத்தது. சாம்பார் வந்தது, ரசம் வந்தது. எதிர் வரிசையில் பக்கத்துப் பாத்திக்காரி தன் மருமகளின் சமையலைப் பற்றி யாரிடமோ குறைசொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ரசத்துல உப்பு கம்மி" என்றாள் சின்னத்தாய்.

"அப்பிடியா? எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்ற சுந்தரி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.